தஞ்சாவூரா கும்பகோணமா? சோழர் கோயில் பார்க்க முதல் தடவை போறவங்க எங்க ரூம் போடணும்

பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் மூணையும் பார்க்கணும், ரெண்டு மூணு நாள் லீவு இருக்கு, ரூமை தஞ்சாவூர்ல போடவா கும்பகோணத்துல போடவான்னு சொந்தக்காரங்க, கூட வேலை பாக்குறவங்கன்னு நிறைய பேர் என்கிட்ட கேட்டிருக்காங்க. மேப்ல பார்த்தா ரெண்டு ஊருக்கும் நடுவுல சுமார் 40 கிலோமீட்டர்தான், எங்க தங்குனா என்னன்னு தோணும், ஆனா எங்க தங்குறீங்களோ அதை வச்சுத்தான் நீங்க எந்தக் கோயிலை நிதானமா பார்ப்பீங்க, எதை ஓடிக்கிட்டே பார்ப்பீங்கன்னு முடிவாகும்.

அவங்ககிட்ட நான் திருப்பிக் கேக்குறது ஒரே கேள்விதான். மத்தியானம் 12 மணிலேருந்து 4 மணி வரைக்கும் எங்க இருக்கப் போறீங்க?

இந்த நாலு மணி நேரத்தைப் பத்தி பிளான் போடும்போது யாரும் யோசிக்கிறதே இல்ல. காலைல எட்டரைக்கு இட்லி பொங்கல்லாம் சாப்பிட்டு நிதானமா ரூமை விட்டு கிளம்பி, ஒரு கோயில் பார்த்து முடிச்சு அடுத்த கோயிலுக்குப் போய் நிக்கும்போது பன்னெண்டரை ஆகியிருக்கும், நடை சாத்தியிருப்பாங்க. வெளிப்பிராகாரத்துல சிற்பமாவது பார்க்கலாம்னா செருப்பை வாசல்லயே விட்டாச்சு, கருங்கல் தரை கொதிக்கும், கால் வைக்க முடியாம நிழல் நிழலா தாவித் தாவி ஓடணும், கூட வயசானவங்க இருந்தா பாவம் அவங்க தூண் ஓரமா உக்காந்துடுவாங்க. மார்கழி தை மாசத்துல பரவாயில்ல, பங்குனிக்கு மேல போனா ஒரு ஜோடி சாக்ஸ் கைல வச்சுக்கோங்க. ஐப்பசி கார்த்திகைல வெயில் இருக்காது, ஆனா டெல்டா மழை ஆரம்பிச்சா லேசுல விடாது, தாராசுரம் கோயில் சுத்தி இருக்குற தரையை விட பள்ளத்துல இருக்குறதால தண்ணி நின்னுக்கும். ஆக, பார்க்குறதுக்கு நல்ல நேரம்னா காலை ஆறு மணிலேருந்து பத்தரை பதினொண்ணு வரைக்கும், அப்புறம் நாலரைக்கு மேல. அந்த ரெண்டு வேளையும் எந்தக் கோயில்ல இருக்கணும்னு முதல்ல முடிவு பண்ணிட்டு ஊரைப் பாருங்க.

தஞ்சாவூரோட பெரிய பலமே அந்த மத்தியான நேரத்துக்கு அங்க நல்ல வேலை இருக்குங்குறதுதான். கீழ ராஜ வீதில அரண்மனை இருக்கு, நாயக்கர் கட்டினது, அப்புறம் மராட்டியர் இருந்தது, அதுக்குள்ளயே கலைக்கூடம், சரஸ்வதி மகால் நூலகத்தோட மியூசியம், தர்பார் ஹால் எல்லாம் இருக்கு, எல்லாமே கூரைக்குக் கீழ, நிழல்ல. கலைக்கூடத்தை தயவு செஞ்சு அரை மணி நேரத்துல முடிக்காதீங்க. திருவெண்காட்டுலேருந்து வந்த ரிஷபவாகன தேவர், அதாவது காளை வாகனத்தோட நிக்குற சிவன், அங்கதான் இருக்காரு, 1011ல செஞ்ச செப்புத் திருமேனி, அதாவது பெரிய கோயில் முடிஞ்சு ஒரே வருஷம் கழிச்சு. காளை மேல சாஞ்சு நிக்குற தோரணைல கை வச்சிருப்பாரு, ஆனா காளை இல்ல, இப்ப அது இல்லாமலே அந்த சாய்வு நமக்குப் புரியுது, தலைப்பாகை மாதிரி சுத்தியிருக்குற ஜடையைப் பின்பக்கம் போய் கண்டிப்பா பாருங்க. அடுத்த வருஷம் செஞ்ச அம்மனும் பக்கத்துலயே. என்னைக் கேட்டா அந்த ஒரு உருவத்துக்காகவே தஞ்சாவூருக்கு ஒரு மத்தியானத்தைக் கொடுக்கலாம்.

அதே கலைக்கூடத்துல ஒரு கல் துவாரபாலகர் இருக்காரு, மத்த சோழர் சிற்பம் மாதிரி இருக்காது, முகம் உடம்பு எல்லாமே வேற பாணி. சோழ ராஜா ராஜாதிராஜன் சாளுக்கியரோட தலைநகரான கல்யாணபுரத்தை ஜெயிச்சு அங்கிருந்து தூக்கிட்டு வந்ததுன்னு பீடத்துலயே வெட்டியிருக்கு. அது ரொம்ப காலம் தாராசுரத்துல இருந்துட்டு இங்க வந்தது. அதனாலதான் தாராசுரம் பார்த்துட்டு இங்க வர்றது நல்லதுன்னு சொல்றேன், தாராசுரத்துலேருந்து வந்த கஜசம்ஹாரமூர்த்தியும், அதாவது யானையை அழிச்ச சிவனும், இங்கதான் இருக்காரு.

நூலகத்துல ஓலைச்சுவடி இருக்குற இடத்துக்கெல்லாம் நம்மளை விடமாட்டாங்க, மியூசியம் சின்னதுதான், ஆனா மராட்டிய ராஜா இரண்டாம் சரபோஜி சேத்து வச்ச விஷயங்களைப் பார்த்தா அந்த மனுஷனுக்கு எதுலதான் ஆர்வம் இல்லன்னு ஆச்சரியமா இருக்கும், மனுஷ முகத்தையும் மிருக முகத்தையும் ஒப்பிட்டு வரைஞ்ச பிரெஞ்சு படம்லாம் இருக்கு. பசங்க கூட வந்தா அரண்மனைல திமிங்கல எலும்புக்கூடு இருக்குன்னு சொல்லியே கூட்டிட்டுப் போயிடலாம். லீவு நாள் மட்டும் முன்னாடியே விசாரிச்சுக்கோங்க, மியூசியத்துக்கும் கலைக்கூடத்துக்கும் ஒரே நாள்ல லீவு இருக்கணும்னு இல்ல.

இப்ப பெரிய கோயில். 1010ல ராஜராஜன் முடிச்சது, விமானம் 216 அடின்னு சொல்வாங்க, அந்த உயரமெல்லாம் எல்லாருக்கும் தெரியும். நிழல் தரைல விழாதுன்னு ஒரு கதை சொல்வாங்க, அது உண்மை இல்ல, சாயங்காலம் போய் நின்னா நீளமா விழுறதை நீங்களே பார்க்கலாம். நந்தி ராஜராஜன் காலத்தது இல்ல, நாயக்கர் காலத்தது, வடமேற்குப் பக்கம் இருக்குற முருகன் சன்னதியும் அப்படித்தான், ஆனா அந்தக் கல்வேலை அவ்வளவு நுணுக்கம், அவசரத்துல அதை விட்டுட்டு வந்துடாதீங்க.

நான் முக்கியமா சொல்ல வர்றது கல்வெட்டைப் பத்தி. விமானத்தோட அடில சுத்திச் சுத்தி எழுத்து. நாம் கொடுத்ததும் அக்கன் கொடுத்ததும் நம் பெண்டுகள் கொடுத்ததும் மத்தவங்க கொடுத்ததும் கல்லுல வெட்டுங்கன்னு ராஜராஜன் சொன்னது அங்கதான் இருக்கு, அந்த அக்கன் குந்தவை. கோயில் சேவைக்காக வேற வேற ஊர்க் கோயில்கள்லேருந்து கொண்டு வந்து குடியமர்த்தின 400 தளிச்சேரிப் பெண்டுகளோட பேரு, எந்த ஊர்லேருந்து வந்தாங்க, எந்தத் தெரு வரிசைல எத்தனாவது வீடுன்னு ஒவ்வொருத்தருக்கும் எழுதி வச்சிருக்காங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணோட வீட்டு விலாசம் கல்லுல இருக்கு, அது நம்ம மொழில இருக்கு. கொஞ்சம் பொறுமையா நின்னா சில எழுத்து நமக்கே புடிபடும், க, ட, ப எல்லாம் தெரிய ஆரம்பிக்கும். இதைக் கூட்டத்துல பண்ண முடியாது, சாயங்காலம் ஊரே அங்க வந்து உக்காந்திருக்கும், அது வேற அழகு, அதையும் பார்க்கணும், ஆனா எழுத்தைப் பார்க்க காலைல ஆறு மணிக்குப் போகணும். கும்பகோணத்துல தங்கினா ஆறு மணிக்கு நீங்க அங்க இருக்கவே முடியாது, நாலரைக்கு எழுந்து கார்ல வந்தாத்தான் உண்டு. தஞ்சாவூர்ல தங்குறதுக்கு எனக்குத் தெரிஞ்ச வலுவான காரணம் இதுதான்.

கோயில் கிழக்கு பார்த்தது. காலை வெளிச்சம் முன்பக்கம் விழும், சாயங்கால வெளிச்சம் விமானத்தோட மேற்குப் பக்கம் விழும், அதனால சாயங்காலம் முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டுக் கிளம்பாம பின்னாடி திருச்சுற்று மாளிகை, அதாவது மதிலை ஒட்டி இருக்குற தூண் மண்டபம், அந்தப் பக்கம் போய் உக்காருங்க. கருவறையைச் சுத்தி உள்ள இருக்குற சோழர் ஓவியம், மேல் தளத்துல இருக்குற நாட்டிய கரணச் சிற்பம் இதெல்லாம் பொதுமக்களுக்குத் திறந்திருக்காது, அதை எதிர்பார்த்துப் போனா ஏமாற்றமா இருக்கும். அந்த ஓவியமே நாயக்கர் ஓவியத்துக்கு அடில மறைஞ்சு இருந்து 1931லதான் வெளில தெரிய வந்துச்சு. பிரதோஷம் அன்னைக்கு போனா நந்திக்கு அபிஷேகம் பார்க்கலாம், ஆனா கோயிலைப் பார்க்க முடியாது, அவ்வளவு ஜனம்.

தஞ்சாவூர்ல ஒரு சங்கடம், புது பஸ் ஸ்டாண்ட் ஊருக்கு வெளில. ரூம் வாடகை கம்மியா இருக்கேன்னு அந்தப் பக்கம் போட்டீங்கன்னா ஒவ்வொரு தடவையும் ஆட்டோ பிடிச்சு ஊருக்குள்ள வரணும், காலைல ஆறு மணி பெரிய கோயில்ங்குறதெல்லாம் முதல் நாளே போயிடும். பழைய பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போடுங்க.

கும்பகோணம் இதுக்கு நேர் எதிர். ரயில்வே ஸ்டேஷனும் பஸ் ஸ்டாண்டும் கிட்டக்கிட்ட, ஊருக்குள்ள கோயில்கள் நடந்தே போற தூரம், பத்து நிமிஷத்துக்கு ஒரு கோபுரம் வரும். தாராசுரம் சுமார் 4 கிலோமீட்டர், கங்கைகொண்ட சோழபுரம் ஒரு 35 கிலோமீட்டர் சொச்சம். தஞ்சாவூர்லேருந்து கங்கைகொண்ட சோழபுரம் போறதுன்னா ஏறக்குறைய அதுக்கு ரெண்டு மடங்கு. இந்தக் கணக்குதான் நிறைய பேரைக் கும்பகோணத்துல தங்க வைக்குது, தப்பில்ல.

மத்தியானம் என்ன பண்றதுங்குற கேள்விக்குக் கும்பகோணத்துல பதில் கோயில்ல இல்ல, பட்டறைல இருக்கு. சுவாமிமலைல ஸ்தபதிங்க பட்டறைக்குப் போங்க, தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செஞ்சு, காவிரி வண்டல் மண்ணை மேல பூசிக் காயவச்சு, சுட்டு மெழுகை உருக்கி வெளில எடுத்துட்டு அந்த வெற்றிடத்துல உலோகத்தை ஊத்துவாங்க, மண்ணை உடைச்சு எடுத்து அப்புறம் உளியால வேலை. ஒரு அச்சுல ஒரே ஒரு உருவம்தான். வாங்கித்தான் ஆகணும்னு இல்ல, பணிவாக் கேட்டா காட்டுவாங்க, ஆனா அவங்க வேலை நேரம்ங்குறதை மனசுல வச்சுக்கோங்க. இதைப் பார்த்துட்டு தஞ்சாவூர் கலைக்கூடத்துக்குப் போனா அந்த ரிஷபவாகனரைப் பார்க்குற கண்ணே வேறயா இருக்கும். நாச்சியார்கோயில்ல குத்துவிளக்கு, திருபுவனத்துல பட்டுத் தறி, ரெண்டும் இதே மாதிரி நடுப்பகல்ல பார்க்கக்கூடியது. சாரங்கபாணி சன்னதி தெருவுல கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு இருக்கு, சின்ன ஓட்டு வீடு, ஜன்னல் பக்கம் ஒரு கட்டில், அவ்வளவுதான், ஆனா அந்தத் திண்ணைல கொஞ்ச நேரம் நிக்கும்போது நெஞ்சு நிறைஞ்சிடும்.

தாராசுரத்துக்குக் குறைஞ்சது ரெண்டு மணி நேரம் வேணும், இதுல நான் பிடிவாதமாவே இருப்பேன். இரண்டாம் ராஜராஜன் கட்டினது, 12ம் நூற்றாண்டு, உயரத்துல பெரிய கோயிலுக்குப் பக்கத்துலயே வராது. முன் மண்டபத்துக்கு ராஜகம்பீரன் மண்டபம்னு பேரு, சக்கரமும் குதிரையுமா தேர் மாதிரி செஞ்சிருப்பாங்க, எல்லாரும் அதுல சாஞ்சு போட்டோ எடுத்துட்டு, தட்டினா சத்தம் வர்ற படிக்கட்டு எங்கன்னு கேட்டுட்டு, அது கம்பிக்குள்ள இருக்குன்னு தெரிஞ்சதும் கிளம்பிடுவாங்க. இருங்க. கருவறை வெளிச்சுவரோட அடிப்பகுதில ஒரு சாண் உயரத்துக்கு வரிசையா சின்னச் சின்ன சிற்பம், நாயன்மார் கதைங்க, முதலை விழுங்கின பையனை சுந்தரர் மீட்டது வரைக்கும் இருக்கு. குனிஞ்சு, சில இடத்துல உக்காந்தே பார்க்கணும். ஒரே தலைல யானையும் காளையும் தெரியுற சிற்பமும் இங்கதான், பசங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க.

ஊருக்குள்ள இருக்குற கோயில்கள்ல எல்லாத்தையும் பார்க்க ஆசைப்படாதீங்க, ரெண்டே ரெண்டு. நாகேஸ்வரன் கோயில், ஆரம்பகாலச் சோழர் வேலை, கருவறைச் சுவர் மாடத்துல நிக்குற ஆண் பெண் உருவங்க கிட்டத்தட்ட ஆளுயரத்துக்கு, சாமியா ராஜ குடும்பமான்னு இன்னும் பேசிக்கிட்டே இருக்காங்க. ராமசாமி கோயில், நாயக்கர் காலம், தூணையும் பிராகாரத்துல இருக்குற ராமாயண ஓவியத்தையும் பாருங்க. மகாமகக் குளம் வழிலயே வரும், போன மகாமகம் 2016, அடுத்தது 2028, அந்த மாசி மாசத்துல மட்டும் சுற்றிப் பார்க்கன்னு அந்தப் பக்கம் வராதீங்க.

நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் ஒரே நாள்ல முடிக்குற டிரிப்பை இதோட சேர்க்கச் சொல்லி வீட்டுல பெரியவங்க கேட்பாங்க. அது காலைலேருந்து ராத்திரி வரைக்கும் வண்டிலயே போற நாள், பக்திக்காகப் போறவங்களுக்கு அது நிறைவுதான், ஆனா சிற்பம் கல்வெட்டு பார்க்குற நாளோட கலந்தா ரெண்டுமே கெடும். தனியா ஒரு நாள் இருந்தா பண்ணுங்க, அப்ப தங்குறது கண்டிப்பா கும்பகோணம்தான்.

கும்பகோணத்துல ஒரு பிரச்சினை முகூர்த்த நாள். வளர்பிறை முகூர்த்தம் சனி ஞாயிறுல வந்துச்சுன்னா லாட்ஜ் எல்லாம் கல்யாண கோஷ்டி புக் பண்ணியிருப்பாங்க, வாடகையும் ஏறியிருக்கும். காலண்டரைப் பார்த்துட்டு தேதி முடிவு பண்ணுங்க.

சாப்பாட்டை வச்சு ஊரை முடிவு பண்ண வேண்டாம், ரெண்டு இடத்துலயும் குறை இல்ல. கும்பகோணத்துல காலைல இட்லிக்குக் கடப்பா கிடைச்சா விடாதீங்க, பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு செய்யுறது, வேற ஊர்ல லேசுல கிடைக்காது. பித்தளை டபரால காபி, கொழுந்து வெத்தலை. தஞ்சாவூர்ல சந்திரகலா, பக்கத்துல திருவையாறு போனா அசோகா. அவ்வளவுதான்.

திருச்சில தங்கி வந்து போயிடலாமேன்னும் சிலர் கேப்பாங்க, ஏர்போர்ட் அங்க இருக்குறதால. ஸ்ரீரங்கமும் மலைக்கோட்டையும் உங்க லிஸ்ட்ல இருந்தா ஒரு ராத்திரி திருச்சி சரி. சோழர் கோயிலுக்காக மட்டும்னா வேண்டாம், போக வர நல்ல வெளிச்சமெல்லாம் ரோட்டுலயே போயிடும்.

ரெண்டு ராத்திரி இருக்குன்னா என் பதில் ஒரு ராத்திரி கும்பகோணம், ஒரு ராத்திரி தஞ்சாவூர். பெட்டியை ஒரு தடவை மாத்தணும்ங்குற ஒரு சிரமம்தான். சென்னைலேருந்து வர்றவங்களுக்கு ரயில் பாதையே அப்படித்தான் இருக்கு, ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினா விடியக்காலைல முதல்ல கும்பகோணம் வரும், அப்புறம்தான் தஞ்சாவூர். கும்பகோணத்துல இறங்குங்க, திரும்பும்போது தஞ்சாவூர்ல ஏறுங்க. கோயமுத்தூர், பெங்களூர் பக்கத்துலேருந்து வர்ற ரயில்ல தஞ்சாவூர்தான் முதல்ல வரும், அவங்களும் பேசாம கும்பகோணம் வரைக்கும் டிக்கெட் எடுத்துட்டு அங்கிருந்து ஆரம்பிங்க. ஏன் இந்த வரிசைனு கேட்டா, பெரிய கோயிலை முதல்ல பார்த்தவங்க கண்ணுக்கு தாராசுரம் சின்னதாத் தெரியும், நின்னு பார்க்க மாட்டாங்க. தாராசுரத்துல குனிஞ்சு பார்த்துப் பழகின கண்ணு பெரிய கோயில்ல விமானத்தை அண்ணாந்து பார்த்துட்டு அடில இருக்குற எழுத்தையும் தேடும். கட்டின வருஷப்படி பார்த்தா இது தலைகீழ்தான், பரவாயில்ல.

முதல் நாள் காலைல குளிச்சிட்டு உடனே கங்கைகொண்ட சோழபுரம் போயிடுங்க, வண்டி வச்சுக்கலாம், இல்லன்னா ஜெயங்கொண்டம் போற பஸ். போற வழில அணைக்கரைல கொள்ளிடத்தைத் தாண்டுவீங்க, அந்தக் கீழணையை 1836ல கட்டும்போது கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதில் கல்லையெல்லாம் பெயர்த்துக் கொண்டு போய்த்தான் போட்டாங்க, அதைத் தெரிஞ்சுக்கிட்டு போனா கோயிலைச் சுத்தி ஏன் இப்படி வெட்டவெளியா இருக்குன்னு புரியும். ராஜேந்திரன் கட்டின விமானம் அப்பாவோடதை விட உயரம் கம்மி, நேரா ஏறாம உள்வாங்கி வளைஞ்சு மேல போகும். வடக்கு வாசல் படிகிட்ட சிவனடியாரான சண்டேசருக்கு சிவன் தலைல பூச்சரம் சுத்துற சிற்பம் இருக்கு, அந்த சண்டேசர் முகத்துல இருக்குற பணிவைப் பார்க்கணும். எதிர்ப்பக்கம் சரஸ்வதி. கூட்டம் இருக்காது, புல்வெளி, காத்து. ஐப்பசி பௌர்ணமி அன்னாபிஷேகம் அன்னைக்கு மட்டும் பெருங்கூட்டம். பதினொரு மணிக்குத் திரும்பினா மத்தியானம் சுவாமிமலை, நாலரைக்கு தாராசுரம். ரெண்டாம் நாள் காலைல ஊர்க் கோயில் ரெண்டு, பதினொண்ணுக்குக் கிளம்பி தஞ்சாவூர், சாப்பிட்டுட்டு கலைக்கூடம், சாயங்காலம் பெரிய கோயில். மூணாம் நாள் ஆறு மணிக்கு மறுபடியும் பெரிய கோயில், அப்புறம் அங்கிருந்து கிட்டயே சிவகங்கைப் பூங்கா பக்கம் 1779ல கட்டின ஸ்வார்ட்ஸ் சர்ச், உள்ள சாகக் கிடக்குற பாதிரியார் ஸ்வார்ட்ஸை சரபோஜி வந்து பார்க்குற மாதிரி பளிங்குல செதுக்கியிருக்கும். நேரம் இருந்தா திருவையாறு, காவிரிக் கரைல தியாகராஜர் சமாதி.

பெட்டியை மாத்த முடியாது, ஒரே ஊர்தான்னு இருந்தா: அப்பா அம்மா கூட வந்து, சாமி தரிசனம்தான் முதல் விஷயம்னா கும்பகோணம். பஸ்லயே சுத்தப் போறீங்கன்னாலும் கும்பகோணம். சின்னப் பசங்க இருந்தா தஞ்சாவூர், ஓடியாட கோயில்ல இடம் இருக்கு, மத்தியானம் அரண்மனை இருக்கு. சிற்பம், கல்வெட்டு, செப்புத் திருமேனின்னு வர்றவங்களுக்கும் தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மட்டும் ஒரு நாள் விடியறதுக்கு முன்னாடி கார்ல கிளம்பணும்.

ராத்திரி தங்கவே முடியாது, ஒரே ஒரு பகல்தான்னு வர்றவங்க மூணு கோயிலையும் தொட்டுட்டு ஓடாதீங்க. கங்கைகொண்ட சோழபுரத்தை இந்தத் தடவை விட்டுடுங்க, காலை ஏழு மணிலேருந்து பத்து வரைக்கும் தாராசுரம், நடுப்பகல் கலைக்கூடம், நாலரைலேருந்து விளக்கு போடுற வரைக்கும் பெரிய கோயில், ராத்திரி தஞ்சாவூர்லயே ரயில் ஏறிடலாம்.